வாடகை வீட்டில் இருக்கும் உடைமைக்கு யார் பொறுப்பு?

ஒரு வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் இரண்டு பேருடைய சொத்து சேதமாகிறது. சுவரும் கூரையும் மின்கம்பியும் வீட்டுக்காரருடையவை. கட்டில், மெத்தை, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, பீரோவில் பூட்டி வைத்த நகை எல்லாம் குடியிருப்பவருடையவை. முதல் வகைச் சொத்துக்குப் பெரும்பாலும் பாதுகாப்பு இருக்கிறது. வங்கிக் கடனில் தரைவீடு வாங்கியவரிடம் வங்கியே காப்புறுதி கேட்கும். அடுக்குமாடி என்றால், மலேசியாவின் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி கட்டடத்துக்குக் காப்புறுதி எடுப்பது நிர்வாக அமைப்பின் கடமை. இரண்டாம் வகைச் சொத்துக்கு அப்படிக் கேட்கிற வங்கியும் இல்லை, கட்டாயப்படுத்துகிற சட்டமும் இல்லை. வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தன் பொருளும் அதில் அடங்கும் என்று நம்பும் வாடகைதாரர்கள் உண்டு. அது அடங்காது.

சிலாங்கூர் மாநிலத்தின் கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் மாவட்டங்களில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், புஞ்சாக் அலாம் வட்டாரங்களில் இன்று வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் வேர் தோட்டத்தில் இருக்கிறது. தோட்டத்தில் வீடு வேலையோடு வந்தது. வேலை போனதும் வீடும் போனது. தலைமுறை தலைமுறையாகச் சொந்த வீடு இல்லாத ஒரு சமூகத்துக்கு, வீட்டுக்குள் இருக்கும் பொருள்தான் கையில் இருக்கும் சொத்து. அதற்கு இழப்பு வந்தால் தாங்குவது யார் என்ற கேள்விக்கு முதலாளி, உறவும் சங்கமும், அரசு, சந்தை என நான்கு விடைகள் வெவ்வேறு காலங்களில் சொல்லப்பட்டன. எதுவும் தனியாக நின்று போதவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆயினும் ஆற்றோரத் தாழ்நிலத்தில் வாடகைக்கு இருப்பவர் நான்காவது விடையை ஒதுக்கிவிட முடியாத நிலை வந்துவிட்டது என்பதற்குச் சான்று இருக்கிறது.

ஆறும் தோட்டமும்

சிலாங்கூர் ஆறு மலைத்தொடரில் பிறந்து கோல குபு பாரு, ரந்தாவ் பாஞ்சாங், பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோல சிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. இந்த ஆற்றுப் படுகையில் வெள்ளம் புதிதல்ல. 1883இல் மேல்நிலத்து அணை ஒன்று உடைந்து பழைய கோல குபு நகரம் அழிந்தது. மீண்டும் மீண்டும் வந்த வெள்ளத்தால் நகரத்தையே மேட்டுக்கு மாற்ற நேர்ந்தது. அதனால்தான் இன்றைய ஊரின் பெயரில் ‘புதிய’ என்று பொருள்படும் ‘பாரு’ இருக்கிறது. அதே படுகையின் கீழ்ப்பகுதியில், பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்று அறியப்பட்ட பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில், தென்னமரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. ரப்பரும் செம்பனையும் பரவிய இந்த நிலத்தில் தொழிலாளருக்கான லயன் வீடுகளும் பரவின.

2021 டிசம்பர் பெருவெள்ளம் இந்தப் படுகையின் பழைய வெள்ள அபாயத்தைப் புதிய அளவில் காட்டியது. நாடு முழுவதும் ஏறத்தாழ 610 கோடி ரிங்கிட் இழப்பு என்று புள்ளிவிவரத் துறை கணித்தது. அதில் பாதி, சுமார் 310 கோடி ரிங்கிட், சிலாங்கூர் மாநிலத்தில் மட்டும். குடியிருப்புகளுக்கு நேர்ந்த சேதம் நாடளவில் 160 கோடி ரிங்கிட். கோல சிலாங்கூர் மாவட்டமும் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று.

முதலாளியின் பொறுப்பு: முதல் விடை

தோட்டக் காலத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. லயன் வீட்டில் பொருள் குறைவு. வீடு நிர்வாகத்தினுடையது, பழுதுபார்ப்பதும் நிர்வாகம்தான். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், அதாவது சட்டம் 446, தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் விதித்தது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் தோட்டத்துக்கு வெளியே உள்ள துறைகளுக்கும் விரிந்தது. ஆனால் அதன் அக்கறை கட்டடமும் வசதியும் சுகாதாரமும்தான். வீட்டுக்குள் தொழிலாளி தன் சம்பளத்தில் வாங்கிச் சேர்த்ததைக் காப்பது அச்சட்டத்தின் வேலையாக அமையவில்லை. மின்சாரம் வந்து, தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் தவணையில் வந்தபிறகும் இந்த நிலை மாறவில்லை.

முதலாளி தரும் உதவி உரிமையாக இல்லாமல் மனமிரங்கித் தருவதாக இருந்தது இந்த விடையின் முதல் பலவீனம். ஒரு மேலாளர் தருவார், அடுத்தவர் தரமாட்டார். வீடு வேலையோடு கட்டுண்டது இரண்டாவது பலவீனம். வட சிலாங்கூரின் மேரி, மின்யாக், நைகல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள், தோட்டம் கைமாறி வேலை போனபின் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். 2024 கோல குபு பாரு இடைத்தேர்தலிலும் அது பேசுபொருளானது. அவ்வளவு காலம் நீளவீடுகளில் வாழ்ந்தவர்கள் தொழிலாளியும் அல்ல, வாடகைதாரரும் அல்ல, உரிமையாளரும் அல்ல. முதலாளியின் பொறுப்பை மட்டும் நம்பிய ஏற்பாடு அந்த உறவு அறுந்ததும் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கூட்டும் கூட்டுறவும்

இரண்டாவது விடை மக்களே கண்டது. தோட்டத்தில் சாவு விழுந்தால் வீட்டுக்கு வீடு பணம் திரட்டினார்கள். ஒரு வீடு எரிந்தால் பாத்திரமும் துணியும் பக்கத்து லயனிலிருந்து வந்தன. மாதாமாதம் கூட்டு, அதாவது சீட்டு, பிடித்து அவசரத்துக்கு முன்கூட்டியே எடுத்துக்கொள்வது வழக்கம். அதில் மோசடிகள் பெருகியதால் 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் அதைத் தொழிலாக நடத்துவதைத் தடுத்தது. அமைப்பு வடிவில் இன்னும் பெரிய முயற்சியும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது. மாதம் பத்து ரிங்கிட்டாகச் சேர்த்துப் பெரிய அபாயம் ஒன்றை எதிர்கொள்ள முடியும் என்று இந்தச் சமூகம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறது.

இந்த விடையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பொருளியலாளர் ராபர்ட் டவுன்சென்ட் 1994இல் தென்னிந்தியக் கிராமங்களின் தரவை வைத்து எழுதிய ஆய்வில், ஒரு குடும்பத்தின் வருமானம் விழுந்தாலும் அதன் செலவு அந்த அளவுக்கு விழுவதில்லை, ஊர் தாங்கிக்கொள்கிறது என்று காட்டினார். ஆனால் அதே ஆய்வின் மறுபக்கம் நமக்கு முக்கியம். ஊர் முழுவதுக்கும் ஒரே சமயத்தில் இழப்பு வந்தால் குடும்பங்களின் செலவும் சேர்ந்தே விழுகிறது. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் பக்கத்து வீடு உதவலாம். ஆறு கரை மீறினால் பக்கத்து வீடும் நீரில் இருக்கிறது. அண்ணன் வீட்டு மெத்தையும் நனைந்திருக்கிறது, கூட்டுப் பிடிக்கும் அக்காளின் வீடும் நனைந்திருக்கிறது. வெள்ளத்துக்கு எதிராக ஊர் தன்னைத் தானே காப்புறுதி செய்துகொள்ள முடியாது. அபாயத்தை ஊருக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். கூட்டின் குறை நம்பிக்கையிலோ நல்லெண்ணத்திலோ இல்லை. அதன் பரப்பு சிறியது, அவ்வளவுதான்.

அரசு தரும் உதவி

மூன்றாவது விடை அரசுடையது. 2021 வெள்ளத்துக்குப் பின் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மத்திய அரசின் கருணைத்தொகை 1,000 ரிங்கிட்டும், சிலாங்கூர் மாநில அரசின் உதவி 1,000 ரிங்கிட்டும் தரப்பட்டன. அடிப்படை வீட்டுப் பொருள்களுக்கு 2,500 ரிங்கிட் வரை உதவி, மின்சாதனம் வாங்க 500 ரிங்கிட் கழிவு என்று மேலும் சில அறிவிக்கப்பட்டன. இந்தப் பணம் பல குடும்பங்களை முதல் மாதம் நிமிர வைத்தது. ‘அரசாங்கம்தான் தருகிறதே, நாம் ஏன் கட்ட வேண்டும்’ என்ற வாதத்துக்கும் அடிப்படை அதுவே.

இந்த வாதத்தின் வலிமையை ஏற்க வேண்டும். நிச்சயமாக உதவி வரும் என்றால் முன்னேற்பாட்டுக்குச் செலவிடாமல் இருப்பது பகுத்தறிவுக்கு ஒத்த முடிவே. உதவுகிறவர் இருப்பதே உதவி தேவைப்படும் நிலையைப் பெருக்கக்கூடும் என்று பொருளியலாளர் ஜேம்ஸ் புக்கானன் 1975இல் எழுதினார். ஆனால் இங்கே அந்த ‘நிச்சயம்’ எவ்வளவு? அரசின் தொகை ஒவ்வொரு பேரிடருக்கும் தனியாக அறிவிக்கப்படுகிறது. அடுத்த முறை அதே தொகை வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எல்லா வீட்டுக்கும் ஏறத்தாழ ஒரே தொகை என்பதால், குறைந்த பொருளை இழந்தவருக்குப் போதும், அதிகம் இழந்தவருக்குப் போதாது. பெரிய வெள்ளத்துக்குத்தான் அது பாயும். நள்ளிரவில் மின்கசிவால் ஒற்றை வீடு எரிந்தாலோ, திருடன் பூட்டை உடைத்தாலோ அந்த அளவில் உதவி வருவது அரிது. வெள்ளத்தைவிட இவை அன்றாட அபாயங்கள்.

இன்னொன்றும் உண்டு. தவணையில் வாங்கிய பொருள் நீரில் போனாலும் தவணை நிற்பதில்லை. பொருள் இல்லாமல் பணம் மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் அந்த மாதங்களில்தான் குடும்பம் வட்டிக்காரரிடம் போகிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். படுக்கை, சமையலறை, மின்சாதனம் மூன்றையும் ஒரே மாதத்தில் மீண்டும் வாங்க அதில் இடம் ஏது?

சந்தை விற்கும் பத்திரம்

நான்காவது விடை காப்புறுதி. மலேசியாவில் வாடகைதாரருக்கென்று தனிப்பெயரில் ஒன்று பரவலாக விற்கப்படவில்லை. நடைமுறையில் அவருக்குப் பொருந்துவது வீட்டுடைமைக் காப்புறுதி, அல்லது அதே வகைத் தக்காஃபுல் எனும் இஸ்லாமியக் காப்புறுதி. கட்டடத்துக்கான வீட்டு உரிமையாளர் காப்புறுதி இதிலிருந்து வேறு. வாடகைக்கு இருப்பவர் உடைமைப் பகுதியை மட்டும் வாங்கலாம். பொருள் தம்முடையது என்பதே அதற்கான உரிமை. வீடு தம்முடையதாக இருக்கத் தேவையில்லை.

இந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் படிப்பது நல்லது, ஏனெனில் ஏமாற்றம் எல்லாம் அங்கேதான் பிறக்கிறது. வழக்கமான வடிவத்தில் தீ, மின்னல், வெடிப்பு, புயற்காற்று, வெள்ளம், நீர்த்தொட்டி உடைப்பு, உடைத்துப் புகுந்த திருட்டு ஆகியவை அடங்கும். வெறும் தீக் காப்புறுதி என்ற வேறொரு பத்திரத்தில் வெள்ளம் தானாக அடங்காது, கூடுதலாகச் சேர்க்க வேண்டும். முகவர் எதைத் தருகிறார் என்று பெயரைப் பார்த்து வாங்க வேண்டியதன் காரணம் இதுதான். திருட்டில் ‘உடைத்துப் புகுந்த’ என்பது முக்கியம். திறந்து கிடந்த கதவு வழியே போன கைப்பேசிக்குப் பணம் வராது. வெள்ளச் சேதத்தில் ஒரு சிறு பங்கை, பொதுவாகக் காப்புறுதித் தொகையில் நூற்றுக்கு ஒன்று அல்லது 200 ரிங்கிட், இதில் எது குறைவோ அதை, நாமே ஏற்க வேண்டும்.

நகைக்கு வருவோம். ஒரு தனிப்பொருளுக்கு, தனியே குறிப்பிட்டு அறிவிக்காவிட்டால், மொத்தக் காப்புறுதித் தொகையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தரமாட்டார்கள். தங்கம், வெள்ளி, நகை எல்லாம் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 20,000 ரிங்கிட்டுக்குப் பத்திரம் எடுத்த ஒரு குடும்பத்தில் தாலிக்கொடி திருட்டுப் போனால், அறிவிக்கப்படாத நிலையில் கிடைப்பது அதிகபட்சம் 1,000 ரிங்கிட். இன்றைய தங்க விலையில் அது சங்கிலியின் ஒரு கண்ணிக்குத்தான் ஆகும். ரொக்கம், பத்திரங்கள், மோட்டார் வாகனம், கால்நடை ஆகியவை பொதுவாக இதில் சேரா. கொட்டகையில் ஆடும் மாடும் வளர்க்கும் தோட்டப்புறக் குடும்பங்களுக்கும், மோட்டார் சைக்கிளே முதன்மைச் சொத்தான இளைஞருக்கும் இது பெரிய ஓட்டை. மோட்டார் சைக்கிளுக்குக் கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் வெள்ளச் சேதத்தைத் தராது.

இன்னொரு விதி விகிதாசார விதி. உண்மையில் 40,000 ரிங்கிட் பெறுமான பொருளை 20,000 ரிங்கிட்டுக்கு மட்டும் காப்புறுதி செய்தால், மீதிப் பாதிக்கு நாமே காப்புறுதியாளர் என்று கொள்ளப்படும். 10,000 ரிங்கிட் சேதத்துக்கு 5,000 ரிங்கிட் மட்டும் வரலாம். சந்தாவை மிச்சம் பிடிக்கத் தொகையைக் குறைத்துச் சொல்வது இதனால் உதவாது.

இவ்வளவு வரம்புகள் இருந்தும் வாங்கலாமா? கணக்கு வாங்கும் பக்கமே சாய்கிறது. கற்கட்டட வீட்டில் நடுத்தர அளவு உடைமைக்கு ஆண்டுச் சந்தா பொதுவாக ஒரு மாத வாடகையை எட்டுவதில்லை. அதற்கு ஈடாக வெள்ளம், தீ, திருட்டு மூன்றும் ஒரே பத்திரத்தில் வருகின்றன. வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று இடத்து வாடகைக்கும் வழக்கமாக ஒரு பங்கு உண்டு. வாடகைதாரருக்கு இது சிறு பலன் அல்ல. வீடு இடிந்தால் வீட்டுக்காரருக்குக் கட்டடப் பணம் வரும். வாடகைதாரர் புதிய இடத்துக்கு இரண்டு மாத முன்பணமும் ஒரு மாத வாடகையும் அன்றைக்கே புரட்ட வேண்டும்.

மறுப்புகளும் அவற்றின் எடையும்

‘இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லை’ என்பதே மிகப் பரவலான மறுப்பு. ஆய்வாளர் ஹோவர்ட் குன்ரூதர் 1970களிலிருந்து செய்த ஆய்வுகள் இது உலகப் பொதுவான மனநிலை என்று காட்டின. அரிதாக வரும் பெரிய இழப்பை மக்கள் பூஜ்யமாகவே கணக்கிடுகிறார்கள், பேரிடர் வந்ததும் வாங்குகிறார்கள், சில ஆண்டுகள் அமைதியாகப் போனதும் விட்டுவிடுகிறார்கள். 1883 முதல் 2021 வரை ஒரே படுகையில் வெள்ளம் வந்த ஊருக்கு இந்த மனக்கணக்கு சரிவராது.

இரண்டாவது மறுப்பு நம்பிக்கை பற்றியது: கட்டும்போது சிரிப்பார்கள், கேட்கும்போது விதி காட்டுவார்கள். இதை அறியாமை என்று தள்ளுவது தவறு. பொருளியலாளர் ஷான் கோலும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் ஆந்திராவிலும் குஜராத்திலும் மழைக் காப்புறுதியை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவில், விலையோடு நம்பிக்கையும் கைப்பணமும் வாங்கும் முடிவைத் தீர்மானிக்கின்றன என்றார்கள். ஊருக்குத் தெரிந்தவர் ஒருவர் பரிந்துரைத்தால் வாங்குவோர் கூடினார்கள். மலேசியாவில் வாங்குபவருக்குச் சில கவசங்கள் உண்டு. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம், கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மை சொல்வதையே வாடிக்கையாளரின் கடமையாக வைத்திருக்கிறது. ‘இந்த வீட்டில் முன்பு வெள்ளம் வந்ததா’ என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டால், 2025 முதல் நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவையாக இயங்கும் அமைப்பிடம் செலவில்லாமல் முறையிடலாம். ஆனாலும் அந்தக் கதவு இருப்பது புக்கிட் ரோத்தானில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதே நடைமுறைக் கேள்வி.

மூன்றாவது மறுப்பு அதிகம் பேசப்படாதது. வாடகைதாரரின் கவனக்குறைவால் தீப்பிடித்தால், வீட்டுக்காரருக்குப் பணம் தந்த காப்புறுதி நிறுவனம் அவர் இடத்தில் நின்று வாடகைதாரரிடம் அந்தப் பணத்தைக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. பலர் வீட்டுடைமைப் பத்திரம் இதையும் காக்கும் என்று நினைக்கிறார்கள். அதில் பொறுப்புக் காப்பு ஒன்று இருந்தாலும், நம் பொறுப்பில் விடப்பட்ட பிறர் சொத்து அதிலிருந்து விலக்கப்படுவது வழக்கம். வாடகை வீடே அப்படிப்பட்ட சொத்துதான். பிரிட்டனின் உடைமைக் காப்புறுதிகளில் வாடகைதாரர் பொறுப்பு பெரும்பாலும் சேர்ந்தே வருகிறது. இங்கே தனியே கேட்டு வாங்க வேண்டும். இந்தப் புள்ளியில் சந்தையின் விடை இன்னும் அரைகுறைதான்.

கூட்டாக வாங்கினால்

சந்தையும் கூட்டும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்களும் வீட்டுவசதிச் சங்கங்களும் தங்கள் வாடகைதாரருக்கு உடைமைக் காப்புறுதியை மொத்தமாகப் பேசி, வாடகையோடு சேர்த்துச் சிறு தவணையாக வாங்குகின்றன. 2016இல் அங்கே தொடங்கிய ‘ஃப்ளட் ரீ’ ஏற்பாடு, வெள்ள அபாயம் மிகுந்த வீடுகளின் சந்தாவை எட்டக்கூடிய அளவில் வைக்கிறது. வாடகைதாரரின் உடைமைப் பத்திரமும் அதில் சேரும். அமெரிக்காவிலோ சாதாரண வாடகைதாரர் காப்புறுதி வெள்ளத்தைத் தருவதே இல்லை, 1968இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் தனியாக வாங்க வேண்டும். அந்த வகையில் மலேசியாவின் பத்திரம் முன்னே நிற்கிறது.

சிலாங்கூரில் இதற்கான உறுப்புகள் தனித்தனியாக ஏற்கெனவே இருக்கின்றன. மாநில அரசின் ‘ஸ்மார்ட் சேவா’ வாடகைத் திட்டத்தில் வீட்டுக்காரர் அரசு அமைப்பே. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கமும் கூட்டுறவுச் சங்கங்களும் மாதச் சந்தா பிடிக்கும் பழக்கம் உள்ளவை. குறைந்த வருமானத்தாருக்காக 2017இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஊக்குவித்துத் தொடங்கிய ‘பெர்லிண்டுங்கான் தெனாங்’ சிறு காப்புறுதிகளுக்கு, 2021இல் 50 ரிங்கிட் பற்றுச்சீட்டை அரசு வழங்கியது. இவற்றை இணைத்து, ஒரு குடியிருப்பு முழுவதற்கும் ஒரே உடைமைப் பத்திரம் எடுத்தால், தனி முகவரின் செலவு குறையும், கோரிக்கை வைக்கும்போது துணைக்கு ஓர் அமைப்பும் நிற்கும். அபாயமுள்ளவர் மட்டும் வாங்கி விலை ஏறும் சிக்கலும் தணியும். மேட்டில் இருப்பவர் தாழ்நிலத்தாருக்காக ஏன் கட்ட வேண்டும் என்ற எதிர்ப்பு எழலாம். தீயும் திருட்டும் மேட்டுக்கும் பொது என்பது அதற்கு ஓரளவு விடை, முழு விடை அல்ல.

தீராமல் இருப்பவை

ஆகவே கற்கட்டட வீட்டில், ஆற்றுக்கு அருகே, தவணைப் பொருளோடு வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு உடைமைக் காப்புறுதி தகுந்தது என்று சொல்வதற்குப் போதிய ஆதாரம் உண்டு. ஒரு மெத்தையும் அடுப்பும் மட்டும் வைத்திருக்கும் தனியாளுக்கு அந்தப் பணத்தைச் சேமிப்பில் போடுவதே மேல் என்று வாதிடலாம்.

இதற்கு அப்பால் பல கேள்விகள் நிற்கின்றன. பழைய பலகை வீடுகளுக்குக் கட்டுமான வகை காரணமாகச் சந்தா கூடும், சில நிறுவனங்கள் ஏற்கவே தயங்கலாம். அதிகம் தேவைப்படுவோருக்குக் கதவு குறுகுகிறது. தீக் காப்புறுதிக்கு நீண்டகாலம் இருந்த ஒரே விகிதப் பட்டியல் 2016 முதல் படிப்படியாகத் தளர்த்தப்படுகிறது. அபாயத்துக்கேற்ற விலை முழுமையாக வந்தால் பெஸ்தாரி ஜெயாவின் தாழ்நிலத்து வாடகைதாரருக்குச் சந்தா எட்டுமா, எட்டாதா? குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லாத நாட்டில், முன்பணத்தோடு காப்புறுதியையும் சேர்த்து எழுதும் மாதிரி ஒப்பந்தத்தை யார் வகுப்பது? இன்று தோட்டங்களில் பெருமளவில் வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள் விடுதிகளில் வைத்திருக்கும் பொருளுக்கு இதுவரை சொன்ன நான்கு விடைகளில் எது பொருந்தும் என்பதும் ஆராயப்பட வேண்டும். கட்டடத்துக்குத் தரம் விதித்த சட்டம் 446, மறுமுறை திருத்தப்படும்போது உடைமையையும் பார்க்குமா என்பதைத் தொழிற்சங்கங்களே முதலில் எழுப்ப முடியும்.